மழைக்காலத்தில் சின்ன வெங்காயம்: ஃபிரிட்ஜா, வெளியிலா?

மாடிவீடு:
மழை மாசத்துல 5 கிலோ வாங்கினா பாதிக்கு மேல கருப்பு பிடிச்சுடுது. காத்தாட வைங்கன்னு எல்லாரும் சொல்றாங்க. அடைமழையில காத்தே ஈரம்தானே? ஃபிரிட்ஜ் காய்கறித் தட்டுதான் வழி.

பட்டறைக்காரன்:
ஃபிரிட்ஜ் வேண்டாங்க. குளிர்பதனக் கிடங்குல 0-2 டிகிரி, ஈரப்பதம் 65-70 சதவீதம்னு வைப்பாங்க. வீட்டுக் காய்கறித் தட்டுல அவ்வளவு குளிர் கிடையாது, ஈரமோ அதிகம். 10-15 டிகிரியிலதான் வெங்காயம் சீக்கிரம் முளைக்கும். ஈரமும் சேர்ந்தா வேரும் விடும். 25-30 டிகிரியில காய்ஞ்சு கிடந்தா முளை தள்ளிப்போகும்.

பெரம்பலூர் பக்கம் வெங்காயத்தைச் சேமிக்கப் பட்டறை போடுறதைப் பாருங்க. தரையில படாம கல்லு மேல தூக்கி, சுத்தி குச்சி அடைச்சு, மேல கீத்து. அடியிலயும் காத்து ஓடணும், அதுதான் சூட்சுமம்.

வீட்டுல முதல் வேலை பொறுக்கிப் பிரிக்கிறது. கழுத்து, அதாவது தாள் இருந்த மேல்முனை, தடிச்சது, அடிபட்டது, தோல் உரிஞ்சது எல்லாம் தனியா. அதை முதல்ல சமைச்சுடுங்க. மிச்சத்தை நிழல்ல சாக்கு விரிச்சு ரெண்டு மூணு நாள் உலர்த்துங்க. கழுத்தை விரலால நசுக்கினா சருகா நொறுங்கணும். பிசுபிசுத்தா இன்னும் காயணும். அப்புறம் ஓட்டைக் கூடையில ரெண்டு மூணு அடுக்குக்கு மேல போடாம, கூடைக்கு அடியில செங்கல் வைங்க.

மாடிவீடு:
கருப்புக்குப் பதில் வரலையே! நீங்க சொல்ற 30 டிகிரி கருப்புப் பூஞ்சைக்கும் தோதுதான். ஐப்பசி, கார்த்திகையில சென்னைக் காத்துல ஈரம் 80 சதவீதத்தைச் சாதாரணமா தாண்டுது.

பட்டறைக்காரன்:
தோதுதான், மறுக்கல. ஆனா பூஞ்சை பரவ தோல் மேல ஈரம் நிக்கணும். மழை நாள்ல கூடைப் பக்கம் டேபிள் ஃபேனை ஓட விடுங்க. வாரம் ஒருக்கா கிளறி, அழுகினதை எடுத்துடணும். ஒண்ணோட சாறு பட்டா பக்கத்துல இருக்கிறதும் போச்சு.

அடுக்களை:
உரிச்ச வெங்காயத்துக்குத்தான் ஃபிரிட்ஜ். கழுவாம, மூடி இறுகின டப்பாவுல, அடியில காய்ஞ்ச துணி போட்டு வைங்க. நாலஞ்சு நாள் தாங்கும். கழுவினா வழவழப்பு வந்துடும். வெளியில வைக்கிறவங்க உருளைக்கிழங்கோட ஒரே கூடையில போடாதீங்க. கிழங்கு விடுற ஈரம் வெங்காயத்தைக் கெடுக்கும்.

மாடிவீடு:
அப்போ மழை மாசத்துல 5 கிலோ வாங்கறதே தப்புங்கறீங்க. விலை ஏறுறதும் அப்பத்தானே?

பட்டறைக்காரன்:
ஆமா, ஒரு கிலோ போதும். பெரிய வெங்காயமும் அப்படித்தான். நாசிக் பக்கம் ஏப்ரல், மே வாக்குல எடுக்கிற ராபி, அதாவது குளிர்காலப் பயிர்ச் சரக்கு நல்லா காய்ஞ்சிருந்தா நாலு மாசத்துக்கு மேல நிக்கும். மழைக்கால காரிஃப் சரக்குல நீர் அதிகம், சேமிப்புக்கு ஆகாது. மொத்தமா வாங்கறதா இருந்தா கோடையில, கழுத்து ஒடுங்கி, தோல் சரசரன்னு இருக்கிற சரக்கா பார்த்து எடுங்க.