"டியூப் எடுத்து வைங்க"ன்னு மட்டும் சொன்னேன்

நைட்டூட்டி சிஸ்டர், தர்மபுரி:
மூன்று வருடம் ஆகிறது, இன்னும் உறுத்துகிறது. பென்னாகரம் பக்கமிருந்து பாம்புக்கடி கேஸ், இரவு பதினொன்றரை. வயலுக்குத் தண்ணீர் கட்டப் போனவர். அன்றைக்கு வார்டில் நாங்கள் இரண்டே சிஸ்டர்கள். நான் ஊசி போட நரம்பு தேடிக்கொண்டே ஆயாம்மாவிடம், "அந்தக் கண்ணாடி டியூப் ஒண்ணு எடுத்து வைங்க" என்றேன். ரத்தம் எடுத்து அதில் விட்டு, இருபது நிமிடம் ஆட்டாமல் வைத்து, பிறகு சாய்த்தேன். தண்ணீர் மாதிரி ஓடியது.

உறையவில்லை என்றால் விஷம் ரத்தத்தில் ஏறியிருக்கலாம். அதனால் டாக்டர் ஏஎஸ்வி, அதாவது பாம்பு விஷமுறிவு மருந்து, பத்து குப்பி எடுக்கச் சொல்லிவிட்டார். எண்ணிக்கொண்டிருக்கும்போது ஆயாம்மா வந்து, "டியூப் அழுக்கா இருந்துச்சு சிஸ்டர், சோப்புத்தூள் போட்டு நல்லா கழுவித்தான் வெச்சேன்" என்றார். பெருமையாகத்தான் சொன்னார். எனக்குக் கை அப்படியே நின்றுவிட்டது. சோப்பு ஒட்டியிருந்தால் நல்ல ரத்தமும் உறையாது. புது டியூபில் மறுபடி பார்த்தோம், உறைந்தது. கடித்த இடத்தில் வீக்கமும் இல்லை. டாக்டர் மருந்தை நிறுத்திவைத்து, கண்காணிப்பில் வைத்தார். மூன்றாம் நாள் நடந்தே வீட்டுக்குப் போனார்.

ஆனால் அந்த அம்மாவை நான் நோயாளியின் சொந்தக்காரர்கள் எதிரிலேயே கத்திவிட்டேன். என் அம்மா வயது அவருக்கு.

மாங்காய்மண்டி, கிருஷ்ணகிரி:
ரொம்பப் பாவம் பார்க்காதீர்கள் சிஸ்டர். எங்கள் அம்மாவுக்கு ரத்தம் ஏற்ற, பையை வாங்கிவர ஒரு ஆளை அனுப்பினார்கள். நான் கீழே டீ குடிக்கப் போனால் அதே ஆள் கடை பெஞ்சில். ரத்தப் பை பன் தட்டுக்குப் பக்கத்தில்! மேலே சிஸ்டர் போன் மேல் போன்.

கான்ட்ராக்ட் தம்பி:
அண்ணா, அந்த ஆள் அன்றைக்கு எத்தனை ஷிப்ட் பார்த்தார் என்று கேட்டீர்களா? "போய் வாங்கிட்டு வா" என்பார்கள். அரை மணி நேரத்துக்குள் ஏற்றத் தொடங்க வேண்டும் என்று யாரும் சொல்லமாட்டார்கள். நான் சொல்வது என் அனுபவம், ஆறு வருடம்.

ஓசூர் ரிட்டையர்டு:
என் கதை ஒரு வரிதான். லேபுக்குப் பயிற்சி மாணவி கையில் கொடுத்துவிட்ட சாம்பிளில் பெயர் மாறிப்போனது, தக்க நேரத்தில் கண்டுபிடித்தோம். அதனால் சொல்கிறேன். வேலையை யாரிடமும் கொடுக்கலாம், பொறுப்பு நம்மோடுதான் இருக்கும். லேபிளைப் படுக்கை பக்கத்திலேயே ஒட்டுங்கள், நோயாளியையே பெயர் சொல்ல வையுங்கள். ஆளை அனுப்பும்போது எதற்கு, எவ்வளவு நேரத்துக்குள் என்று சேர்த்துச் சொல்லுங்கள். சொன்னதை அவர் வாயாலேயே திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். ஆக்சிஜன் சிலிண்டர், அவசர டிரே எல்லாம் ஷிப்ட் மாறும்போது நீங்களே தொட்டுப் பாருங்கள், பதிவேட்டில் இருக்கும் கையெழுத்தை நம்பாதீர்கள். பாம்புக்கடிக்குப் புது டியூப் தனி டப்பாவில், மேலே "கழுவக் கூடாது" என்று தமிழில் எழுதி...

நைட்டூட்டி சிஸ்டர், தர்மபுரி:
டப்பா அடுத்த வாரமே வைத்துவிட்டோம் அக்கா. நான் சொல்ல வந்தது அது இல்லை. போன மாதம் பாலக்கோடு பஸ் ஸ்டாண்டில் அந்த அம்மாவைப் பார்த்தேன். "சாப்டியா கண்ணு?" என்றார். சாப்பிட்டேன் என்றேன். பஸ் வந்துவிட்டது.