பத்து நொடி மூச்சை அடக்கினா நுரையீரல்ல நோய் இல்லையா?

நேர்கோடு:
"பத்து நொடி இருமாம மூச்சை அடக்க முடிஞ்சா நுரையீரல்ல ஒரு கோளாறும் இல்ல"ன்னு ஒருத்தர் இங்க போட்டிருக்கார். 2020-ல கொரோனா நேரத்துல சுத்தின அதே பொய். தயவுசெஞ்சு நம்பாதீங்க.

மூச்சுக்காரன்:
போட்டது நான்தான். பேரைச் சொல்லவே கூச்சமா? இருபது வருஷம் சிகரெட் பிடிச்சு, ரெண்டு வருஷம் முன்னாடி விட்டவன். இன்னைக்கு எழுபது நொடி அடக்குறேன். எல்லாம் பிராணாயாமம்.

நேர்கோடு:
அடக்குறது பழக்கம். மூச்சுக்குழாய் சுருங்கியிருக்கான்னு அது சொல்லாது. அதுக்கு ஸ்பைரோமெட்ரி, அதாவது குழாய்ல ஊதிப் பார்க்கிற நுரையீரல் பரிசோதனை, எடுக்கணும். எங்கப்பா ஊதும்போது பக்கத்துல நின்னேன். மூக்குல கிளிப், வாயில குழாய், "ஊதுங்க, இன்னும், இன்னும்"னு பரிசோதனை எடுக்கிற அம்மா கத்துறாங்க. அப்பாவுக்குக் கழுத்து நரம்பு புடைச்சிருச்சு. ஊதுற மொத்தக் காத்துல 70 சதவீதமாவது முதல் நொடியிலயே வரணும். அவருக்கு வந்தது 52. அவரும் இருபது நொடி அடக்கிக் காட்டினவர்தான்!

மூச்சுக்காரன்:
அவர் இருபது, நான் எழுபது. வித்தியாசம் தெரியலையா?

மழைமாலை:
ஆவி பிடிச்சா நுரையீரல் சுத்தமாகும்ல?

நேர்கோடு:
ஆகாது. மூக்கடைப்புக்கு இதமா இருக்கும், அவ்வளவுதான். சளியை மேல தள்ளுறது மூச்சுக்குழாய்ல இருக்கிற நுண்மயிர். புகை அதை முடக்கிடும், புகையை விட்டா மெல்ல எழுந்திருக்கும். விட்ட புதுசுல சிலருக்கு இருமல் கூடுறது அதனாலதான்.

தாமரைக்குளம்:
வந்துட்டார் வாத்தியார். போன மாசம் முகக்கவசப் பேச்சுலயும் இப்படித்தான் எல்லாரையும் மட்டம் தட்டினீங்க. எங்க அத்தை சிகரெட்டைத் தொட்டதே இல்ல, அடுப்புப் புகையிலயே நெஞ்சு போச்சு. அதைப் பத்தி ஒரு வரி உண்டா?

நேர்கோடு:
அடுப்புப் புகையும் கெடுதல்தான், நான் எங்க மறுத்தேன்? பேச்சு பத்து நொடியைப் பத்தி.

மூச்சுக்காரன்:
நான் லேட்டா விட்டேன்னு குத்திக் காட்டுறீங்க. புரியுது.

நேர்கோடு:
அய்யோ, இல்லீங்க. புகைப்பழக்கத்தை ஆராய்ஞ்ச ரிச்சர்ட் டால் குழு பிரிட்டிஷ் மருத்துவர்களை 50 வருஷம் கவனிச்சு 2004-ல சொன்னாங்க: விடாம பிடிக்கிறவங்களைவிட, 50 வயசுல விட்டாலும் சுமார் ஆறு வருஷ ஆயுள் கூடும், 30-ல விட்டா பத்து. நீங்க விட்டது பெரிய காரியம். உங்களைக் காப்பாத்துறது அதுதான், எழுபது நொடி இல்ல.

மூச்சுக்காரன்:
நீங்க எத்தனை நொடி அடக்குவீங்க? முதல்ல அதைச் சொல்லுங்க.

தாமரைக்குளம்:
அதானே, சொல்லுங்க.

நேர்கோடு:
நொடிக் கணக்கே தப்புங்கிறேன்! இருபது வருஷம் பிடிச்சிருக்கீங்க, ஒரு தடவை போய் ஊதிட்டு அந்த எண்ணை இங்க போடுங்க.

மூச்சுக்காரன்:
இப்பதான் அடக்கிப் பார்த்தேன். எண்பது.