புதுப்பிப்பு: டேங்கில் பெயர்ந்த தங்கக் கோடு

பைக் டேங்கில் தங்கக் கோடு பெயர்ந்துவிட்டது, என்ன செய்யலாம் என்று போன மாதம் கேட்டிருந்தேன். சரியாகிவிட்டது, இரண்டாவது முயற்சியில்.

முதல் தடவை மியான்மரின் மோல்மீன் மழைக்காலத்திலேயே, பெயிண்டுக்கு மேல் பாதுகாப்பாகப் பூசும் நிறமற்ற ஸ்ப்ரே கிளியர் அடித்தது என் அவசரபுத்தி. தின்னர் ஆவியாகும்போது பெயிண்டின் மேற்பரப்பு குளிரும். காற்றின் ஈரம் அதில் படிந்து பால் ஊற்றியதுபோல் வெளுத்துவிட்டது. போதாக்குறைக்கு, பெட்ரோல் சிந்தியதும் பிசுபிசுத்தது.

மழை விட்டதும் 1000 நம்பர் வாட்டர் பேப்பரால் (தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்) ஓரங்களைத் தேய்த்துக் கழுவி, பல்குச்சி நுனியால் பெயிண்டை நான்கு தடவை மெல்லிசாக வைத்தேன். மேலே ஹார்டனர் (இறுகவைக்கும் திரவம்) கலந்த கிளியர்; பெட்ரோல் பட்டால் எளிதில் கரையாது. அதில் ஐசோசயனேட் என்ற, மூச்சில் போனால் நுரையீரலைக் கெடுக்கும் ரசாயனம் உண்டு, துணி முகமூடி போதாது. அதனால் அந்த வேலை மட்டும் பட்டறை அண்ணனுக்கு.

ஓரிடத்தில் கோடு கொஞ்சம் தடித்திருக்கிறது. அம்மா கண்ணுக்கு மட்டும் தெரிகிறது.