அயர்லாந்து ராக் இசைக்குழு கிரான்பெரீஸின் 'ஜாம்பி' பாட்டு எதைப் பற்றியது?

கிடார்பித்தன்:
நண்பர்கள் இதைப் பேய்ப் பாட்டு என்கிறார்கள். ஆனால் டாங்கு, வெடிகுண்டு என்றெல்லாம் வருகிறது, நடுவில் 1916 வேறு. பின்னணி தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்.

மழைக்காகம்:
1993 மார்ச்சில் இங்கிலாந்தின் வாரிங்டன் கடைத்தெருவில் ஐ.ஆர்.ஏ. (பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்த அயர்லாந்து ஆயுதக் குழு) குப்பைத்தொட்டிக்குள் வைத்த குண்டுகள் வெடித்து 3 வயதிலும் 12 வயதிலும் இரண்டு பையன்கள் செத்துப்போனார்கள், அந்தக் கோபத்தில்தான் குழுவின் பாடகி டொலோரஸ் ஓ'ரியோர்டன் எழுதினார். 1994இல் சிங்கிளாக (தனிப் பாட்டாக) வந்தது. 1916 டப்ளினில் பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராக ஈஸ்டர் எழுச்சி நடந்த வருஷம்.

தெற்குவாசல்:
இவர்களுடைய முந்தைய பாட்டு 'லிங்கர்' எவ்வளவு மென்மை! அப்புறம் இதைக் கேளுங்கள், கிடார் உறுமுகிறது, அவர் குரல் உடைந்து உடைந்து மேலே ஏறுகிறது. அயர்லாந்துக்காரரே இப்படிப் பாடியதுதான் பெரிய துணிச்சல்.

மழைக்காகம்:
ஆமாம். வீடியோவையும் பாருங்கள், வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் தெருக்களில் ரோந்து போகும் நிஜ பிரிட்டிஷ் ராணுவ வீரர்கள் அதில் இருக்கிறார்கள்.