டார்ச் பத்துனாலே டேபிளுக்கு கிறுக்கு புடிக்குது, பேனல் முழுசா திரும்ப ஒயரிங் பண்ணணும்

தண்டையார்பேட்டை கிரில்காரன்:
வணக்கம் மக்களே, வீட்டுக்கு பின்னாடி ஷெட்ல 4க்கு 4 அடி சிஎன்சி பிளாஸ்மா டேபிள் (கம்ப்யூட்டர் சொல்றபடி மின்சார ஆர்க்கால தகடு வெட்டற மெஷின்) ஒண்ணு நானே அடிச்சிட்டு இருக்கேன், கேட் கிரில் வேலைக்கு. இரும்பு வேலை எல்லாம் பக்கா, பேனல்தான் உயிர எடுக்குது. உள்ள 36 வோல்ட் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை), மோட்டார ஓட்டற டிஎம்542 டிரைவர் நாலு (ஒய்க்கு ரெண்டு மோட்டார்), யூஎஸ்பி மோஷன் போர்டு, பழைய கம்ப்யூட்டர்ல மாக் 3 சாஃப்ட்வேர். பிளாஸ்மா மெஷின் 50 ஆம்ப், எச்எஃப் ஸ்டார்ட்.

டார்ச் எடத்துல பேனா கட்டி ஓட்டுனா முருகர் வேல் டிசைன் பிசிறே இல்லாம வரையுது. டார்ச்ச பத்த வெச்ச அடுத்த செகண்டு லிமிட் ஸ்விட்ச் (ஓரத்துக்கு போனா மெஷின நிறுத்தறது) அடிச்சிடுச்சுன்னு சொல்லி நிக்குது, இல்லனா யூஎஸ்பி கட் ஆவுது, போன வாரம் இசட் (டார்ச்ச மேல கீழ நகத்தற அச்சு) தானா கீழ எறங்கி நாசில் தகட்டுல குத்தி வாய் கோணிடுச்சு. போர்டு குடுத்தவர்கிட்ட கேட்டா போர்டு போச்சு மாத்துங்கன்றார், மாத்தினேன், இது ரெண்டாவது, அதுவும் அதே கதைதான். எல்லாத்தையும் கழட்டி போட்டுட்டேன். சனிக்கிழமை ரிச்சி தெரு போறேன், ஷீல்டு கேபிள் போட்டா போதுமா, இல்ல வேற இன்னா வாங்கணும்? எர்த் இப்போ வீட்டு பிளக்ல இருந்து வருது.

காசிமேடு ஒயர்மேன்:
தல, வீட்டு பிளக் எர்த்துன்னு கடைசியா சொன்ன பாரு, அங்கதான் கீது மேட்டரு. எச்எஃப் ஸ்டார்ட்டுன்றது ஆர்க்க பத்த வெக்க ஆயிரக்கணக்கான வோல்ட்ட ஹை ஃப்ரீக்வென்சில தள்ற சமாச்சாரம், அது திரும்பி போறதுக்கு ஒரு வழி வேணும், வழி இல்லனா உன் லிமிட் ஒயர், யூஎஸ்பி, எது கெடைக்குதோ அதுல பூந்துடும். மொதல்ல எர்த் குழிய போய் பாரு. நான் படகுல ஒயரிங் வேலை பாக்குறவன், கடல் காத்துக்கு ஜிஐ பைப் இன்னா ஆவும்னு டெய்லி பாக்குறேன். மேல பாத்தா பளபளன்னு இருக்கும், மண்ணுக்கு கீழ ஒரு சாண் எறங்குனா கையால தட்டுனா உதிரும். இதுல நம்மாளுங்க கரி போட்டு உப்ப வேற மூட்டை மூட்டையா கொட்டுவாங்க, எர்த் நல்லா எடுக்கும், பைப்ப அது சீக்கிரம் தின்னுடும். மல்டிமீட்டர்ல ஓம்ஸ் வெச்சு பாத்தேன் ஓகேன்னு வந்து சொல்லாத, அது வேலைக்கு ஆவாது, எர்த் டெஸ்டர் வெச்சிருக்கவன கூப்புடு.

மணலி பேனல் போர்டு:
தம்பி, மேல சொன்னவர் சொன்னது கரெக்ட்டு, ஆனா ஒண்ணு, டேபிளுக்குன்னு தனியா ராடு அடிச்சிட்டு வீட்டு எர்த்த கழட்டி விட்றாதீங்க. ரெண்டும் தனித்தனியா இருந்தா ஃபால்ட் வர்ற நேரத்துல ரெண்டுக்கும் நடுவுல வோல்டேஜ் நிக்கும், ஒரு கை டேபிள்ல ஒரு கை பேனல்லன்னு நின்னா போச்சு. ரெண்டையும் தடியான ஒயர்ல சேத்து கட்டுங்க. முன்னாடி 30 மில்லிஆம்ப் ஆர்சிசிபி (கரன்ட் லீக் ஆனா கட் பண்றது) இல்லாம ஆன் பண்ணாதீங்க.

இருபது வருஷமா பேனல் கட்றேன், எனக்கு வர்ற இந்த மாதிரி கேஸ்ல பாதிக்கு மேல போர்டு ஒண்ணும் ஆயிருக்காது. பெட்டிக்குள்ள ஒரே ஒரு செம்பு எர்த் பார் வைங்க, எஸ்எம்பிஎஸ் பாடி, டிரைவர் பாடி, பின் பிளேட், கதவு, கேபிள் ஷீல்டு எல்லாம் தனித்தனியா அந்த பாருக்குத்தான் வரணும், ஒண்ணுல இருந்து ஒண்ணுக்கு தாவி தாவி போகக்கூடாது. கதவு எர்த்துக்கு ஹின்ஜ நம்பாதீங்க, பின்னல் பட்டை போடுங்க. லக் (ஒயர் முனை வளையம்) உக்கார்ற எடத்துல பவுடர் கோட்டிங்க ஆக்சா பிளேடால வெள்ளி மாதிரி தெரியற வரைக்கும் சுரண்டி, பல் வாஷர் போட்டு முறுக்கிட்டு, மேல கொஞ்சம் வேசலின் தடவிடுங்க, நம்ம ஏரியா காத்துக்கு அது அவசியம். பெயின்ட் மேல போல்ட்டு போட்டு எர்த் குடுத்துட்டேன்னு சொல்றவங்கள எத்தன பேர பாத்திருப்பேன்!

ஷீல்டு கேபிள் கேட்டீங்க. வாங்குங்க, ஆனா ஷீல்ட பேனல் பக்கம் மட்டும்தான் எர்த் பண்ணணும், மோட்டார் பக்கம் வெட்டி ஸ்லீவ் போட்டு மூடிடணும். ரெண்டு பக்கமும் கட்டினா எர்த் லூப் ஆகி ஷீல்டுலயே கரன்ட் ஓடலாம். பெட்டில எடது பக்கம் எம்சிபி, கான்டாக்டர் (பவர ஆன் ஆஃப் பண்ற பெரிய ரிலே), எஸ்எம்பிஎஸ், வலது ஓரத்துல மோஷன் போர்டு, நடுவுல டிரைவர். ஏசி ஒயரும் சிக்னல் ஒயரும் ஒரே சேனல்ல படுக்கக்கூடாது, தாண்டியே ஆகணும்னா குறுக்கால நேரா தாண்டட்டும். மல்டி ஸ்ட்ராண்ட் ஒயர் முனைக்கு ஈயம் வெச்சு ஸ்க்ரூவுல மாட்டாதீங்க, நாள் ஆக ஆக ஈயம் நசுங்கி லூஸ் ஆகும், பூட்லேஸ் ஃபெரூல் (ஒயர் முனைக்கு மாட்டற குட்டி உலோகக் குழாய்) போட்டு கிரிம்ப் பண்ணுங்க.

எமர்ஜென்சி ஸ்டாப்ப கம்ப்யூட்டருக்கு சிக்னலா மட்டும் குடுத்து வெச்சிருப்பீங்கன்னு நெனைக்கிறேன், எல்லாரும் அதான் பண்றாங்க. பட்டன அமுக்குனா கான்டாக்டர் விழுந்து டிரைவர் சப்ளை போகணும், அதே பட்டன்ல இன்னொரு என்சி கான்டாக்ட் (அமுக்குனா லைன் கட் ஆகறது) எடுத்து டார்ச் ட்ரிக்கர் லைன்லயும் போடுங்க, ஏன்னா எஸ்எம்பிஎஸ் கெபாசிட்டர்ல கொஞ்சம் நேரம் கரன்ட் நிக்கும், டார்ச் ஒடனே அணையணும்.

தண்டையார்பேட்டை கிரில்காரன்:
அண்ணா கோடி நன்றி. எமர்ஜென்சி விஷயம் நீங்க சொன்ன மாதிரியேதான் போட்டிருந்தேன், அசிங்கமா போச்சு. லிமிட் ஸ்விட்ச் 5 வோல்ட்ல ஓடுது, அத மாத்தணுமா? அப்புறம் டார்ச் ரிலே பெட்டிக்குள்ளதான் இருக்கு, டிஹெச்சியும் (டார்ச் உயரத்த தானா சரி பண்றது) பின்னாடி போடணும்.

வியாசர்பாடி சிஎன்சி:
மாத்துங்க ப்ரோ. 5 வோல்ட் லைன்ல ரெண்டு வோல்ட் நாய்ஸ் வந்தாலே போர்டு குழம்பிடும், 24 வோல்ட் ப்ராக்சிமிட்டி சென்சார் என்சி டைப் போட்டு ஆப்டோ (ஒளி வழியா சிக்னல் கடத்தறது) வழியா உள்ள எடுங்க, ஒயர் அறுந்தாலும் மெஷின் நிக்கும். டார்ச் ரிலேய பெட்டிய விட்டு வெளிய தூக்கி பிளாஸ்மா மெஷின் பக்கத்துல குட்டி டப்பால வைங்க, காயில்ல ஒரு 1என்4007 டயோடு. பேனல்ல இருந்து 24 வோல்ட் மட்டும்தான் அங்க போகணும். டிஹெச்சிக்கும் இதே கதைதான், வெட்டும்போது ஆர்க் வோல்டேஜ் 100க்கு மேல நிக்கும், அத நேரா பேனலுக்குள்ள கொண்டு வராதீங்க, மெஷின் பக்கத்துலயே டிவைடர் போட்டு 50ல ஒரு பங்கா கொறச்சு அனுப்புங்க. யூஎஸ்பிக்கு பதிலா லேன் போர்டு கெடச்சா விடாதீங்க, லேன் ஜாக்குலயே ட்ரான்ஸ்ஃபார்மர் ஐசோலேஷன் இருக்கு. அப்புறம் பேனல் ஃபேன் காத்த உள்ள தள்ற மாதிரி ஃபில்டரோட போடுங்க, வெட்டற கருந்தூள் முழுக்க இரும்பு, டிரைவர் மேல படிஞ்சா ஷார்ட்டுதான்.

காசிமேடு ஒயர்மேன்:
பிளாஸ்மா மெஷினோட எர்த் க்ளாம்ப எங்க கவ்வி வெச்சிருக்க? டேபிள்லயா தகட்டுலயா?

தண்டையார்பேட்டை கிரில்காரன்:
டேபிள் கால்ல அண்ணா. பெயின்ட் அடிச்ச காலு. 😬

காசிமேடு ஒயர்மேன்:
நாசமா போச்சு. நேரா தகட்டுல கவ்வு. டேபிள்ல இருந்து ராடுக்கு 16 ஸ்கொயர் எம்எம் தனியா போட்டுடு, வளையம் சுத்தாம ஷார்ட்டா.

தண்டையார்பேட்டை கிரில்காரன் (பதினேழு நாள் கழிச்சு):
அப்டேட் போடறேன். எர்த் குழி எங்கன்னு அம்மாவுக்குத்தான் தெரிஞ்சுது, துவைக்கிற கல்லுக்கு அடியில. கல்ல நகத்தி தோண்டுனா க்ளாம்பு பச்சை புடிச்சு ஒயரோட கையிலயே வந்துடுச்சு, பைப்புல விரல் போற ஓட்டை. வீட்டுக்கே இத்தன நாள் எர்த் இல்லாம இருந்திருக்கோம், அதுல ஹீட்டர் வேற. புது குழி எடுத்து ரெண்டரை மீட்டர் ராடு எறக்கி, டேபிளையும் பேனலையும் வீட்டையும் சேத்து கட்டியாச்சு. பேனல் மணலி அண்ணா சொன்ன மாதிரியே. மொத நாள் அப்பவும் ரெண்டு தடவ ஒய் லிமிட் அடிச்சுது, தேடி பாத்தா டிராக் செயின்ல (கேபிள் போற சங்கிலி) டார்ச் லீடும் சென்சார் கேபிளும் ஒரே டை போட்டு கட்டி வெச்சிருக்கேன். பிரிச்சு டார்ச்ச மேல தனி கம்பில தொங்க விட்டேன். நேத்து நாப்பது பியர்ஸ் (டார்ச் பத்தி தகட்டுல ஓட்டை போடறது), ஒரு தடவ கூட நிக்கல.

மணலி பேனல் போர்டு:
சந்தோஷம் தம்பி. அந்த மொத போர்ட தூக்கி போட்டுட்டீங்களா?

தண்டையார்பேட்டை கிரில்காரன்:
இல்லண்ணா, இப்போ ஓடறதே அதுதான்.