மறுமொழி: சிம்லிங்க்குக்குத் தமிழில் என்ன வைக்கலாம்?

> 'குறியீட்டு இணைப்பு' என்றே வைத்துவிடலாமே, எல்லாருக்கும் புரியுமே.

புரியாது அண்ணே. சிம்லிங்க் என்பது வேறொரு கோப்பையோ அடைவையோ (ஃபோல்டர்) காட்டிவிடும் ஒரு சிறு கோப்பு. நாம் எழுதுவது பில்டு ஸ்கிரிப்டுக்கான, அதாவது மூலநிரலிலிருந்து மென்பொருளைக் கட்டித்தரும் கட்டளைத் தொகுப்புக்கான கையேடு. அதில் கம்பைல் (நிரலை இயந்திர மொழிக்கு மாற்றுவது) முடிந்ததும் அடுத்த வேலையே கிடைத்த ஆப்ஜெக்ட் கோப்புகளை இணைப்பதுதான், அதைச் செய்யும் லிங்கருக்கு 'இணைப்பி' என்று போட்டும் ஆயிற்று. அதே கையேட்டில் 'இணைப்பு கிடைக்கவில்லை' என்று பிழைச்செய்தி வந்தால், லைப்ரரி (ஆயத்த நிரல் தொகுப்பு) இல்லையா அல்லது சிம்லிங்க் அறுந்துவிட்டதா, படிக்கிறவர் எதை எடுத்துக்கொள்வார்? 'குறியீடு' என்றாலோ பாதிப் பேர் புரோகிராம் கோடு என்றுதான் நினைப்பார்கள். 'சுட்டி'யும் வேண்டாம், மவுஸ், பாயின்டர், வலைமுகவரி என்று அது ஏற்கெனவே மூன்று இடத்தில் வேலை பார்க்கிறது.

என் யோசனை 'பாதைத்தொடுப்பு'. சிம்லிங்க்குக்குள் இருப்பது ஒரு பாதை, அவ்வளவுதான். நம்பாதவர்கள் லினக்ஸில் உருவான நிரல் களஞ்சியம் ஒன்றை விண்டோஸில் கிட் (நிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கருவி) வழியாக இறக்கிப் பாருங்கள். கிட்டில் சிம்லிங்க் அமைப்பு அணைந்திருந்தால் அந்த இடத்தில் ஒரு குட்டி உரைக்கோப்பு வந்து உட்கார்ந்திருக்கும், நோட்பேடில் திறந்தால் உள்ளே ஒரே வரி, போக வேண்டிய பாதை. அது சி நிரல் உள்ளே சேர்த்துக்கொள்ளும் ஹெடர் கோப்பாக இருந்துவிட்டால் கம்பைலர் அந்த வரியையே சி நிரல் என்று படித்துவிட்டுக் கத்தும்.

> மென்தொடுப்பு, வன்தொடுப்பு என்று ஜோடியாக வைத்தால் அழகு.

ஹார்டு லிங்க்குக்கு வன்தொடுப்பு இருக்கட்டும். புதுச்சேரியில் நேரு வீதி என்றாலும் பழைய டூப்ளே வீதி என்றாலும் போய்ச் சேருவது அதே கடைத்தெருதான், ஹார்டு லிங்க்கும் அப்படி ஒரே கோப்புக்கு இன்னொரு பெயர், ஒன்றை அழித்தாலும் மற்றதில் கோப்பு பத்திரமாக இருக்கும். சிம்லிங்க்கில் மூலத்தை நகர்த்தினால் முடிந்தது கதை. இந்த வித்தியாசத்தை 'மென்' எங்கே சொல்கிறது?

அப்புறம் ஜங்ஷன். விண்டோஸ் 2000 முதலே இருக்கும் தனி வகைத் தொடுப்பு, அடைவுகளுக்கு மட்டும், அதே கணினியின் வட்டுக்குள் மட்டும். இதைப் போய் 'சந்திப்பு' என்றால் கடலூர் நண்பர்கள் துறைமுகம் சந்திப்புக்கு ரயில் ஏறப் போய்விடுவார்கள். 'அடைவுத்தொடுப்பு' போதும்.

'தொடு' என்று வினையாகவும் ஆள முடிவது எனக்கு முக்கியம், 'லிப் அடைவைத் தொடுத்துவிட்டு பில்டை ஓட்டு' என்று இயல்பாக எழுதலாம். கையேட்டில் சொல்ல வேண்டியதும் நிறைய இருக்கிறது. தொடுப்பை உருவாக்கும் லினக்ஸின் எல்என் (ln) கட்டளையில் முதலில் இலக்கு, பிறகு தொடுப்பின் பெயர், விண்டோஸின் எம்கேலிங்க்கில் (mklink) அப்படியே தலைகீழ். விஸ்டாவில் இந்த வசதி வந்தபோது நிர்வாகி உரிமை இல்லாமல் தொடுக்க முடியாது, 2017-இல் விண்டோஸ் 10-க்கு வந்த புதுப்பிப்புக்குப் பிறகு டெவலப்பர் மோடை (நிரலாளர்களுக்கான அமைப்பு) இயக்கினால் சாதாரணப் பயனரும் தொடுக்கலாம். இதெல்லாம் பரவாயில்லை, பிழையாவது காட்டும். விண்டோஸில் கிட்டோடு வரும் பாஷ் கட்டளைச் சாளரத்தில் சிம்லிங்க் கேட்டு 'ln -s' போட்டால் இயல்பான அமைப்பில் சத்தமே இல்லாமல் நகல் எடுத்து வைத்துவிட்டு வெற்றி என்று திரும்பிவிடும், மூலத்தைத் திருத்தியும் பில்டு ஏன் மாறவில்லை என்று நாம் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

அதனால் ஸ்கிரிப்டின் செய்திகளில் 'தொடுத்தாயிற்று', 'நகலெடுத்தாயிற்று' இரண்டையும் கட்டாயம் பிரித்துக் காட்டுவோம். இலக்கு காணாமல் போனதற்கு 'அந்தரத் தொடுப்பு' என்று தற்காலிகமாகப் போட்டிருக்கிறேன், இதைவிட நல்லது இருந்தால் சொல்லுங்கள்.

லாஸ்பேட்டையிலிருந்து,
கையேட்டுக் குழுவுக்காக