பாலைவன ஊர் அரிமா சங்கமும் அதன் இரவல் அறையும்

உறவுகள் அனைவருக்கும் வணக்கம்.

பல நாடுகளில் சிதறியிருக்கும் நம் சங்கத்தின் அடுத்த ஆண்டு நற்பணிக்கு யோசனை கேட்டுச் செயலாளர் அண்ணன் எழுதியிருந்தார். என் கண் முன்னால் நடந்துவரும் ஒரு வேலையைச் சொல்கிறேன், அதிலிருந்து நமக்கு வேண்டியதை எடுத்துக்கொள்வோம்.

பிழைப்புக்காக நான் வந்து தங்கியிருப்பது பாலைவனத்து நடுவில் ஒரு சின்ன ஊர். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவதென்றால் ஆளரவமே இல்லாத சாலையில் நெடுநேரம் போக வேண்டும். இங்கே ஓர் அரிமா சங்கம் (லயன்ஸ் கிளப்) இருக்கிறது. உறுப்பினர்கள் மிகச் சிலர், பெரும்பாலும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள். கையில் பெரிய பணமும் கிடையாது. ஆனாலும் யாருக்காவது முடியாமல் போனால் ஊர்க்காரர்கள் முதலில் கூப்பிடுவது இவர்களைத்தான்.

அதற்குக் காரணம் அவர்கள் வைத்திருக்கும் ஓர் அறை. சக்கர நாற்காலி, வாக்கர், கைத்தடி, அக்குள் கட்டை, குளிக்கும்போது உட்காரும் ஸ்டூல் என எல்லாம் அங்கே இருக்கும். யாரும் வந்து இரவல் வாங்கிப் போகலாம். வாடகை கிடையாது, முன்பணம் கிடையாது. நோட்டில் பெயரும் தேதியும் எழுதிக்கொள்வார்கள், தேவை தீர்ந்ததும் திருப்பித் தர வேண்டும், அவ்வளவுதான். இடுப்பெலும்பு உடைந்து அறுவைச் சிகிச்சை முடிந்தவரை வார இறுதியில் வீட்டுக்கு அனுப்பிவிட்டால், அன்று ராத்திரி கழிப்பறைக்கு எழுந்து போக அவருக்கு வாக்கர் வேண்டும். காப்பீட்டுக்காரர் அனுமதி தரும்வரை அந்தக் கால் காத்திருக்காது. அந்த இடைவெளியில் விழுந்து இன்னொரு எலும்பையும் உடைத்துக்கொள்ளாமல் காப்பது இந்த அறைதான்.

பொருளைத் தூக்கிக் கொடுத்துவிட்டு அவர்கள் கதவைச் சாத்திவிடுவதில்லை என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. கைத்தடி வாங்க வருகிறவரைச் செருப்போடு நிமிர்ந்து நிற்கச் சொல்லி, கையைத் தொங்கவிடச் சொல்வார்கள். மணிக்கட்டின் மடிப்பு எங்கே வருகிறதோ அந்த உயரத்தில் பிடி இருக்க வேண்டும். அப்போதுதான் ஊன்றும்போது முழங்கை லேசாக மடங்கும், பாரம் சரியாக இறங்கும். தடி உயரமாக இருந்தால் தோள் வலிக்கும், குட்டையாக இருந்தால் ஆள் முன்னால் சாய்ந்தே நடப்பார். தடியை வலி இல்லாத பக்கத்துக் கையில் பிடிக்க வேண்டும் என்பதை நான் இங்கேதான் முதலில் கேட்டேன். வலிக்கிற கால் பக்கமே பிடிப்பதுதானே நம் எல்லோருக்கும் இயல்பாக வருகிறது!

பாலைவனம் இந்தச் சாமான்களைச் சும்மா விடாது. சக்கரத்தின் பேரிங்கில் மணல் புகுந்து இறுகிப்போகும். தடிக்கு அடியில் உள்ள ரப்பர் மூடி வெயிலில் காய்ந்து வெடிக்கும், வெடித்த மூடி வழவழப்பான தரையில் வழுக்கிவிடும். வெளியே நின்ற நாற்காலியின் இரும்பைத் தொட்டால் கை வெந்துபோகும், அதனால் கைப்பிடியில் துணி சுற்றித்தான் தருகிறார்கள். திரும்பி வந்த ஒவ்வொன்றையும் கழுவி, எண்ணெய் போட்டு, மூடி மாற்றி வைத்த பிறகே அடுத்தவருக்கு. இந்த வேலையை யாரும் படம் எடுத்துப் போடுவதில்லை.

இரண்டாவது வேலை கோடைக்கானது. தனியாக இருக்கும் வயதானவர்களின் பெயர்ப் பட்டியல் ஒன்று வைத்திருக்கிறார்கள். கடும் வெயில் நாட்களில் காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை போன் போகும். எடுக்கவில்லை என்றால் ஒருவர் நேரில் போய்க் கதவைத் தட்டுவார். வயதாக ஆக உடம்பில் நீர் குறைந்தாலும் தாகம் சரியாகத் தெரியாது. ரத்த அழுத்தத்துக்காக நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு ஆபத்து இன்னும் கூடுதல். வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிட்டால் மின்விசிறியை நம்பக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. அதற்கு மேல் அது உடம்பின் மீது சூட்டைத்தான் வீசும்.

இங்கே பல வீடுகளில் ஏசி இல்லை, தண்ணீர் ஊற்றும் ஏர் கூலர்தான். வறண்ட காற்றில் அது நன்றாகவே வேலை செய்யும். ஆனால் உப்பு படிந்து, அதில் தண்ணீரை உறிஞ்சி வைக்கும் பட்டைகள் இறுகிவிட்டால் வெறும் விசிறிதான் மிஞ்சும். எழுபதைத் தாண்டியவர் ஏணி ஏறிக் கூரையில் இருக்கும் கூலரின் பட்டையை மாற்ற முடியுமா? கோடை தொடங்குமுன் சங்கத்து ஆட்கள் வீடு வீடாகப் போய் மாற்றிக்கொடுக்கிறார்கள். மின்சாரம் போனால் இன்சுலின் கெட்டுவிடலாம் என்பதால், அதைப் போடுகிறவர்கள் யார் யார் என்பதும் அந்தப் பட்டியலிலேயே குறிக்கப்பட்டிருக்கிறது. உபயோகத்தில் இருக்கும் இன்சுலின் பெரும்பாலும் 30 டிகிரிக்குள் இருந்தால்தான் சில வாரங்கள் தாங்கும். பாலைவனத்தில் மூடிய வீட்டுக்குள் அந்த அளவை எட்ட எவ்வளவு நேரம் ஆகிவிடப்போகிறது?

அரிமா என்றாலே கண் சம்பந்தமான சேவைதான் எல்லோருக்கும் நினைவு வரும். 1917-இல் சிகாகோவில் மெல்வின் ஜோன்ஸ் என்ற காப்பீட்டு முகவரின் முயற்சியில் தொடங்கிய இயக்கம் இது. 1925-இல் அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்துச் சிடார் பாயிண்ட்டில் நடந்த மாநாட்டில், பார்வையும் செவிப்புலனும் இழந்த எழுத்தாளர் ஹெலன் கெல்லர் பேசினார். பார்வையற்றவர்களுக்குத் துணை நில்லுங்கள் என்று அவர் கேட்டுக்கொண்டதை இவர்கள் இன்றுவரை விடவில்லை. பாலைவனத்தில் அதற்குத் தேவையும் அதிகம். வெயில், தூசி, காற்று மூன்றும் சேர்ந்தால் வெள்ளை விழியில் சதை வளரும், கண்புரைக்கும் வெயில் ஒரு காரணம். பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆண்டுதோறும் கண் பரிசோதனை நடத்துகிறார்கள். கரும்பலகை தெரியாத பிள்ளையைப் படிப்பு வராத பிள்ளை என்று முடிவு கட்டிவிடும் கொடுமை உலகம் முழுக்க ஒன்றுதானே.

ஒன்றை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பழைய மூக்குக் கண்ணாடிகளைப் பெட்டி வைத்துச் சேர்த்துத் தூர தேசங்களுக்கு அனுப்பும் பழக்கம் பல சங்கங்களில் இருக்கிறது. நல்ல மனதோடுதான் செய்கிறார்கள். ஆனால் சேர்வதில் கணிசமான பங்கு கீறல் விழுந்தது, அல்லது ஒருவர் கண்ணுக்கென்றே செய்தது. கழுவி, அளந்து, பிரித்து, அனுப்பும் செலவுக்குப் புதிய படிக்கும் கண்ணாடிகளையே வாங்கிவிடலாம். பார்வையிழப்புத் தடுப்புக்கான பன்னாட்டு முகமையும் பழைய கண்ணாடி அனுப்புவதைப் பரிந்துரைப்பதில்லை. நம் சங்கத்தில் யாராவது இதை முன்மொழிந்தால் என் ஓட்டு எதிராகத்தான் விழும்.

பண விஷயத்துக்கு வருகிறேன், நமக்கு மிகவும் வேண்டியது இதுதான். அரிமா சங்கங்களுக்கு இரண்டு கணக்கு உண்டு. பொதுமக்களிடம் திரட்டியது முழுவதும் நற்பணிக் கணக்கில் சேரும், அது மக்களுக்கே திரும்பிப் போக வேண்டும். தபால், கூட்டம், அலுவலகச் செலவெல்லாம் உறுப்பினர் சந்தாவிலிருந்து மட்டும். தன் உறுப்பினர்களின் பண லாபத்தை எந்தச் சங்கமும் நோக்கமாகக் கொள்ளக் கூடாது என்பது அவர்கள் தொடக்கத்திலேயே வகுத்துக்கொண்ட விதி. இந்தச் சின்ன ஊரில் வருமானம் குறைந்தவர்கள்கூட யோசிக்காமல் உண்டியலில் போடுவதற்கு அந்தப் பிரிவினைதான் காரணம் என்று நினைக்கிறேன். கேட்டால் கணக்கு நோட்டை அங்கேயே திறந்து காட்டுகிறார்கள்.

நாமோ இப்போது எல்லாவற்றையும் ஒரே கணக்கில் வைத்திருக்கிறோம். ஆண்டுக்கு ஒரு தடவை பெரிய தொகையாக ஒன்றைச் செய்து, படம் போட்டு, அடுத்த ஆண்டுவரை ஓய்ந்துவிடுகிறோம். அதில் குறை காண நான் எழுதவில்லை, கொடுத்தவர்கள் எல்லோரும் வியர்வை சிந்திய பணத்தைத்தான் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் ஓர் இரவல் அறைக்கு ஆகும் செலவு அதைவிட மிகக் குறைவு, பயன் ஆண்டு முழுக்க. அதற்கு வேண்டியது ஓர் அறை, ஒரு நோட்டு, சாவி வைத்திருக்கும் பொறுப்பான ஒரு ஆள். பெற்றோரைத் தனியே விட்டுவிட்டு வந்த நம்மில் பலருக்குத் தொலைபேசிப் பட்டியல் எவ்வளவு ஆறுதல் தரும் என்று நான் சொல்லத் தேவையில்லை. நேரம் மாறி மாறி இருக்கும் நாடுகளில் நாம் சிதறியிருப்பது இதற்கு வசதிதான், எந்த நேரத்திலும் யாராவது ஒருவர் விழித்திருப்போம்.

பொருளாளர் அக்கா, அடுத்த இணையவழிக் கூட்டத்துக்கு முன் இரண்டு கணக்காகப் பிரிப்பதற்கான வழிமுறையை எழுதி அனுப்ப முடியுமா? உறுப்பினர்களில் பிசியோதெரபி படித்தவர்களோ செவிலியர்களோ இருந்தால் எனக்குத் தனிமடல் போடுங்கள். முதலில் என்னென்ன சாமான் வாங்குவது, எந்த அளவில் வாங்குவது என்று உங்களோடு உட்கார்ந்து ஒரு பட்டியல் போட வேண்டும். முதல் சக்கர நாற்காலியும் இரண்டு வாக்கரும் என் பொறுப்பு.

அன்புடன்,
பாலைவனத்திலிருந்து உங்கள் தம்பி